கிறிஸ்துமஸும் நட்கிராக்கர் பாலேவும்: அந்த உடைகளின் மயக்கம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டிசம்பர் வந்தால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நட்கிராக்கர் என்ற பாலே நாட்டிய நாடகம் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதே கதை, அதே இசை, ஏறக்குறைய அதே உடைகள். பார்த்ததையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்? இடுப்பைச் சுற்றி விறைத்து நிற்கும் அந்தப் பாவாடையை எப்படித்தான் தைக்கிறார்கள்?

பதில்:

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: தையல் அறையில். நட்கிராக்கரின் முதல் பாதியில் சொல்லிக்கொள்ளும்படியான நடனம் குறைவு. ஜெர்மானிய வீடு ஒன்றில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்து. டிராசல்மையர் என்ற விசித்திரமான பெரியவர் சிறுமி கிளாராவுக்கு (சில தயாரிப்புகளில் அவள் பெயர் மேரி) கொட்டை உடைக்கும் மரப் பொம்மை ஒன்றைப் பரிசளிக்கிறார். நள்ளிரவில் எலிப்படை வருகிறது, பொம்மை இளவரசனாகிறது, பனிக்காடு வழியாக இனிப்புகளின் நாட்டுக்குப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேடையைத் தாங்குவது வெல்வெட்டும் லேஸும் சாட்டின் இடுப்புப் பட்டையும்தான். அவற்றை எடுத்துவிட்டுப் பயிற்சி உடையில் அந்த விருந்துக் காட்சியைப் பார்த்தால் பத்து நிமிடம் உட்கார முடியாது.

பழைய காலத்து ஏக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டதல்ல, பிறக்கும்போதே இருந்தது. மூலக்கதை ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மான் 1816-இல் எழுதியது. அதை அலெக்சாந்தர் டூமா 1844-இல் பிரெஞ்சில் மென்மையாக்கித் தந்தார். நடன அமைப்பாளர் மாரியஸ் பெத்திபா கையில் எடுத்தது அந்த வடிவத்தை. சைகோவ்ஸ்கி இசையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் 1892 டிசம்பர் 18 அன்று முதல் மேடையேற்றம். பெத்திபா நோயில் விழுந்ததால் நடனம் அமைத்தவர் அவருடைய உதவியாளர் லெவ் இவானோவ். உடைகளை வரைந்தவர் அரசவை அரங்குகளின் இயக்குநர் இவான் விசெவலோஷ்ஸ்கி. விருந்துக்கு வரும் பெற்றோரை ஏறக்குறைய நூறாண்டு பழைய பிரெஞ்சு நாகரிக உடையில் கொண்டுவந்தார்கள். ஆக, முதல் நாள் பார்த்தவர்களுக்கே அது தாத்தா பாட்டி காலத்து உலகம்.

முதல் மேடையேற்றம் பெரிய வெற்றி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடை முழுக்கக் குழந்தைகள், முதன்மை நடனக்காரி இரண்டாம் பாதியில்தான் வருகிறார் என்று விமர்சகர்கள் முனகினார்கள். அதை கிறிஸ்துமஸ் சடங்காக்கியது ரஷ்யா அல்ல, அமெரிக்கா. 1944-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் சான் பிரான்சிஸ்கோ பாலே, வில்லம் கிறிஸ்டென்சன் அமைப்பில், அமெரிக்காவின் முதல் முழுநீள நட்கிராக்கரை ஏற்றியது. போர்க்காலம், துணிக்குக்கூடத் தட்டுப்பாடு. உடை வடிவமைத்த ரஸல் ஹார்ட்லி அப்போது சின்ன வயது இளைஞர். பழைய நாடக அரங்கொன்றின் வெல்வெட் திரையை வெட்டி உடை தைத்தார்கள். அடுத்தது 1954 பிப்ரவரி 2: நியூயார்க் சிட்டி பாலேயில் ஜார்ஜ் பாலன்சீன் அமைத்தது. ஆம், பிப்ரவரியில்! ஆனால் அதுதான் இன்றுவரை அமெரிக்காவின் அளவுகோல். பீட்டர்ஸ்பர்க்கில் சிறுவனாக இதே பாலேயில் ஆடியவர் பாலன்சீன். தன் சிறுவயதுக் கிறிஸ்துமஸை மேடையில் திரும்பக் கட்டினார். 1958 கிறிஸ்துமஸ் அன்று அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் வீடு நிறைய இருந்த காலம். பிறகு கேட்கவா வேண்டும். அமெரிக்காவின் பல பாலே குழுக்களுக்கு இன்று ஆண்டு டிக்கெட் வருமானத்தில் பாதிக்கு அருகில் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து வருகிறது.

பாலன்சீனின் உடைகளைச் செய்தவர் பார்பரா கரின்ஸ்கா. கார்கிவில் 1886-இல் பிறந்தவர். மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். அவர் செய்த இரண்டு காரியங்கள் பாலே உடையையே மாற்றின. ஒன்று, மேல்சட்டையின் பக்கத் துண்டுகளைத் துணியின் நேர்நூலில் வெட்டாமல் கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டியது. நடனக்காரி மூச்சை இழுக்கும்போது விலா விரியும். நேர்நூலில் வெட்டிய சாட்டின் கொடுக்காது, தையல் பிரியும் அல்லது மூச்சு நிற்கும். கிராஸில் வெட்டியது கூடவே விரிந்து திரும்பிச் சேரும். இரண்டாவது, 'பவுடர் பஃப்' டுட்டு. டுட்டு என்பது பாலே பாவாடைக்குப் பெயர். அதுவரை தட்டையான டுட்டுவுக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கும். பலர் நெருங்கி ஆடும்போது ஒரு வளையம் அடுத்ததை இடிக்கும், இடிபட்டது ஆடிக்கொண்டே இருக்கும். கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டு, ஆறேழு அடுக்கு நெட் (வலைத்துணி) எடுத்துக் குட்டையாக வெட்டி, தளர்வாகப் பிணைத்தார். மெத்தென்று, மேல்நோக்கிப் பொங்கி நிற்கும். பல நிறங்களில் நெட்டை அடுக்கி ஒரு நிறத்தைக் காட்டுவதும் அவர் கைவண்ணம்: ஒரே ரோஜா நிறத் துணியை எடுத்தால் விளக்கில் தட்டையாகிவிடும், வெளிர், அடர், சற்றே ஆரஞ்சு என்று அடுக்கினால் அசையும்போது நிறம் உயிர்க்கும்.

இனி, தட்டையான கிளாசிக் டுட்டு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இனிப்புகளின் நாட்டுத் தலைவியான சுகர் பிளம் தேவதை அணிவது பெரும்பாலும் இந்த வகைதான்.

அதில் மூன்று பகுதிகள். மேல்சட்டை, இடுப்பிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒட்டிப் பிடிக்கும் பட்டை, சுமார் நான்கு அங்குலம், அதற்குக் கீழே ஜட்டி. நெட் அடுக்குகள் தொங்குவது இடுப்பிலிருந்து அல்ல, இந்த ஜட்டியிலிருந்து. புதிதாகத் தைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இடுப்புக் கோட்டில் நெட்டைத் தைத்தால் அது குடை மாதிரி கவிழும், தட்டாக நிற்காது.

அடுக்குகள் பத்து முதல் பன்னிரண்டு. தொடை ஓரத்தில் உள்ளது ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். மேலே போகப் போக ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டு, உச்சியில் உள்ளது 14, 15 அங்குலம். வரிசைக்கு வரிசை ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. 90 சென்டிமீட்டர் இடுப்புக்கு, மேல் அடுக்கின் நெட் பட்டை ஐந்து முதல் ஏழு மீட்டர் நீளம் வேண்டும். அத்தனையையும் அந்த 90-க்குள் சுருக்க வேண்டும். பட்டைகளை அகலத் துணியிலிருந்து வெட்டுவதால், ஒரு டுட்டுவுக்கு மொத்தம் 10 முதல் 15 மீட்டர் நெட் துணி ஆகும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் தட்டு தொய்யும். நெட் விறைப்பாக நிற்பது ஸ்டார்ச்சினால் மட்டும் அல்ல. நெருக்கமாக நின்று ஒன்றை ஒன்று தாங்குவதாலும்தான். கீழ் அடுக்குகளுக்கு விறைப்பான நைலான் நெட், மேலே தெரியும் ஒன்றிரண்டுக்கு மென்மையானது. முழுவதும் மென்மையான துணியில் தைத்தால் அழகாகத் தொங்கும், ஆனால் அது வேறு டுட்டு ஆகிவிடும்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முடியும் ரொமான்டிக் டுட்டு. 1832-இல் பாரிஸில் மரீ தாக்லியோனி அணிந்து புகழாக்கிய நீளம் அது. பனிக்காட்சிக்குச் சில தயாரிப்புகள் அதைத்தான் எடுக்கின்றன.

வளையம் வைப்பதென்றால் மேலிருந்து நான்காவது, ஐந்தாவது அடுக்கு ஒட்டிக் குழல் மாதிரி மடிப்புத் தைத்து, அதற்குள் பிளாஸ்டிக் பூசிய தட்டை எஃகுக் கம்பியை விடுவார்கள். கம்பியின் இரு முனையும் சேரும் இடத்தைச் சரியாக மூடாவிட்டால் அது நெட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அல்லது கூட ஆடுபவரின் தொடையைக் கீறும்.

பிறகு வருவது அதிகப் பொறுமை கேட்கும் வேலை. அடுக்குகளை ஒன்றோடொன்று நூலால் பிணைப்பது. மேலிருந்து கீழ்வரை ஊசியை இறக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் முக்கால், ஓர் அங்குல நூலைத் தளர்வாக விட்டு முடிச்சிட வேண்டும். இழுத்துக் கட்டினால் மேல்பரப்பில் மெத்தை போலக் குழி விழும். கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதிகம் விட்டுவிட்டால் கீழ் அடுக்குகள் தொங்கி, தட்டு தடிமனாகத் தெரியும். இதைக் கையால்தான் செய்ய முடியும். ஒரு நல்ல டுட்டு ஒரு தையல்காரருக்கு இரண்டு வாரம் எடுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மேல்சட்டைக்கு வருவோம். உள்ளே இறுக்கமாக நெய்த பருத்தித் துணி, வெளியே சாட்டின் அல்லது வெல்வெட். எட்டு, பத்துத் துண்டுகள். பின்பக்கம் ஜிப் வைக்க மாட்டார்கள். ஜிப் நடு நிகழ்ச்சியில் பிய்ந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. கொக்கி பிய்ந்தால் ஒன்றுதான் போகும். கொக்கிகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த் திசையில் தைப்பது பழைய வழக்கம்: முதுகை வளைக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கழன்றுவிடாது. அவற்றை மாட்டும் நூல்வளையங்கள் இரண்டு மூன்று வரிசையில் இருக்கும், ஒரே உடை வெவ்வேறு அளவு நடனக்காரிகளுக்குப் பொருந்த வேண்டுமே. அப்படியும் நம்பிக்கை வராதவர்கள், மேடைக்குப் போகும் முன் பின்பக்கத்தை நூல்போட்டே தைத்துவிடுவார்கள். ஆடி முடித்தபின் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

அளவெடுக்கும்போது தவறுவது ஒன்று உண்டு. மார்பு, இடுப்பு மட்டும் போதாது. தோளிலிருந்து முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு இடையே போய், முதுகு வழியாகத் திரும்பத் தோளுக்கு வரும் சுற்றளவு வேண்டும். அது அரை அங்குலம் குறைந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் மேல்சட்டை ஜட்டியை இழுக்கும், தட்டு பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

அலங்காரத்தில் கைவரிசையைக் காட்ட எல்லோருக்கும் ஆசை. ஆனால் இடுப்பின் இரண்டு பக்கமும் காலியாக விட வேண்டும். ஜோடி நடனத்தில் ஆண் பிடிப்பது அங்கேதான். அங்கே கல் பதித்தால் அவன் உள்ளங்கை கிழியும், அல்லது அவன் சட்டைச் சரிகை சிக்கிக்கொண்டு இருவரும் ஒட்டிக்கொண்டே நிற்பார்கள். கற்களைச் சூட்டுப் பசையால் ஒட்டுவதும் வேண்டாம். வியர்வையில் உதிரும், உதிர்ந்த கல்லை மிதித்தால் கணுக்கால் போகும். தைப்பது ஒன்றே வழி. அலங்கரித்த மேல்தட்டைத் தனியாகச் செய்து டுட்டுவின்மேல் ஆங்காங்கே பிடித்துத் தைத்தால், அடுத்த ஆண்டு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெல்க்ரோவை நெட் அருகில் கொண்டே போகக் கூடாது. பட்ட இடத்தையெல்லாம் பிய்த்துவிடும்.

வெள்ளை உடைக்குத் தூய வெள்ளைத் துணி வாங்குவது இன்னொரு வீண்செலவு. மேடை விளக்கில் அது கண்ணைக் கூசவைத்து மடிப்பு, வேலைப்பாடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பனிக்காட்சியில் பனித்துளிகளாக ஆடுபவர்களின் உடையில் மேல் நெட் வெள்ளையாகவும் உள்ளடுக்குகள் வெளிர் நீலம், சாம்பல் நிறமாகவும் இருப்பது அதற்காகத்தான். துணித் துண்டை அரங்கின் விளக்கிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கடை வெளிச்சத்தை நம்பக் கூடாது.

நெருப்பையும் மறக்கக் கூடாது. 1862-இல் பாரிஸ் அரங்கில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடையை எரிவாயு விளக்கு பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தீப்பிடிக்காமலிருக்க இரசாயனத்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. அது விறைத்து மங்கலாகிறது என்று அவர் அணிய மறுத்தவர். இன்று எரிவாயு விளக்கு இல்லை, ஆனால் பள்ளி நிகழ்ச்சிகளில் யாராவது ஒருவருக்கு 'உண்மையான மெழுகுவர்த்தி வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்' என்று தோன்றும். நைலான் நெட் உருகி உடம்போடு ஒட்டும். பேட்டரி மெழுகுவர்த்தி போதும்.

பனிக்காட்சிதான் பெரும்பாலானோர் மனத்தில் நிற்பது. இசையில் அங்கே சொற்களற்ற குழுக்குரல் வரும். மேலே கம்பத்தில் துளையிட்ட நீண்ட துணித் தொட்டில் கட்டி, கயிற்றால் ஆட்ட ஆட்டக் காகிதப் பனி உதிரும். நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சிக்குச் சுமார் 50 பவுண்டு, தீப்பிடிக்காத காகிதம். பார்ப்பவருக்குக் கனவு, ஆடுபவருக்குச் சோதனை. காகிதம் தரையில் சேரச் சேர வழுக்கும், வாயைத் திறந்தால் உள்ளே போகும், இமையில் ஒட்டும். கூட்டிப் பெருக்கி மறுநாளும் பயன்படுத்துவதால் அதில் ஹேர்பின், ஆணி, உதிர்ந்த கொக்கி எல்லாம் இருக்கும். சலித்து, காந்தம் காட்டிய பிறகே மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாள் பனியோடு ஹேர்பின்னும் பொழியும்.

பாலன்சீன் தயாரிப்பில் 12 அடி மரம் கண்ணெதிரே 41 அடியாக வளரும். எடை ஒரு டன். 1954-இல் பணத்தின் பெரும்பகுதியை அந்த மரத்துக்குச் செலவழித்து நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார். இந்த பாலேயே அந்த மரம்தான் என்பது அவர் வாதம். சரியான வாதம் என்றே படுகிறது. மரம் வளரவில்லை என்றால் சிறுமி பொம்மையளவுக்குச் சுருங்கியது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அதே தயாரிப்பில் மதர் ஜிஞ்சர் பாத்திரத்தின் பாவாடை ஒன்பது அடி அகலம், 85 பவுண்டு. அந்தப் பாவாடைக் கூட்டுக்குள் எட்டுக் குழந்தைகள். உடுத்துவது என்று சொல்ல முடியாது. மேலிருந்து கப்பியில் இறக்கி மூன்று பேர் மாட்டிவிடுகிறார்கள்.

எலிகளுக்குத் தலைமுகமூடிதான் வில்லன். எலி வாய்க்குள் வைத்த கறுப்பு வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. முகமூடியைக் கடைசி ஒத்திகைக்குத்தான் தருவது பல இடங்களில் நடக்கும் தவறு. மூன்று வாரம் முன்பே, அலங்காரம் முடியாத வெறும் தலையையாவது கொடுத்துவிட வேண்டும். நாடாவைத் தாடைக்கடியில் கட்டாமல் உள்ளே சைக்கிள் ஹெல்மெட்டின் பட்டையைப் பொருத்தினால் திரும்பும்போது தலை தனியாகச் சுற்றாது.

குழந்தைகளின் விருந்து உடையில்தான் அந்த ஏக்கத்தின் உண்மையான இயந்திரம் இருக்கிறது. பாலே பள்ளிக் குழந்தை முதலில் சின்ன தேவதையாகவோ சிப்பாயாகவோ வருகிறது. பின்னர் விருந்துச் சிறுமி, வளர்ந்தபின் பனித்துளி, பூ, அதிர்ஷ்டம் இருந்தால் சுகர் பிளம் தேவதை. உடைகள் அங்கேயே இருக்கின்றன, ஆட்கள்தான் நகர்கிறார்கள். உள்லைனிங்கில் அணிந்தவர்களின் பெயர்த் துண்டுகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும், பழைய பெயரை எடுப்பதில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் மேடையில் ஓடும் அதே பட்டுச் சட்டையை அணிந்து ஆடியவர்கள். ஆகவே இவற்றைப் பல ஆண்டு வாழத் தைக்க வேண்டும்: பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணி விட்டு, பாவாடை அடியில் பிறகு பிரித்துவிடக்கூடிய இரண்டு டக் (மடிப்பு) பிடித்து, கைமுடிவிலும் ஒரு மடிப்பு வைத்து. இடுப்புப் பட்டையின் முடிச்சை ஒவ்வொரு முறையும் கட்டவிடக் கூடாது. முடிச்சாகவே தைத்துக் கொக்கி போட்டுவிட்டால் அவிழ்ந்து யாரும் மிதித்து விழமாட்டார்கள்.

டுட்டுவைத் துவைப்பதில்லை. தண்ணீர் பட்டால் விறைப்பு போய்விடும். வியர்வை வாடைக்கு, மலிவான வோட்காவைத் தண்ணீர் கலந்து உள்லைனிங்கில் மட்டும் தெளித்துக் காற்றில் உலர்த்துவார்கள். ஆல்கஹால் வாடையை எடுத்துக்கொண்டு தானும் ஆவியாகிவிடும். அக்குளில் கழற்றித் துவைக்கும் பஞ்சுத் துண்டு வைத்திருப்பார்கள். வைப்பதென்றால் தலைகீழாக, ஜட்டிப் பக்கம் மேலே இருக்கும்படி மாட்ட வேண்டும், அல்லது வட்டப் பையில் தட்டையாக. நேராக மாட்டினால் சில மாதத்தில் தட்டு தொய்ந்து கோயில் மணி வடிவமாகிவிடும். ஷூ மட்டும் சேமிப்புக்கு அடங்காது. விரல் நுனியில் நின்று ஆடப் போடும் முனைக்கால் ஷூவில், விரல்களை மூடும் கெட்டியான பகுதி (பெட்டி என்பார்கள்) காகிதமும் சாக்குத்துணியும் பசையும்தான். வியர்வையில் ஊறி, பெரிய நடனம் ஒன்று முடிவதற்குள் செத்துவிடும்.

பழையதை அப்படியே காப்பாற்றுவதில் ஒரு விவகாரமும் உண்டு. இரண்டாம் பாதியில் வரும் 'சீன நடன'த்தின் உடையும் ஒப்பனையும் விரல்நீட்டும் சைகையும் பல பத்தாண்டுகளாகச் சீனர்களைக் கேலி செய்வதாகவே இருந்தன. 2017-இல் நியூயார்க் சிட்டி பாலே அவற்றைத் திருத்தியது. பாலே மேடையில் ஆசியர்களைக் கேலியாகக் காட்டுவதற்கு எதிராக அதே ஆண்டு பில் சானும் நடனக்காரி ஜார்ஜினா பஸ்கோகினும் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு பல குழுக்கள் பின்தொடர்ந்தன. ஏக்கம் கெட்டுவிடும் என்று சிலர் புலம்பினார்கள். இசை அப்படியே இருக்கிறது, குழந்தைகளும் கைதட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முன்வரிசைக்குப் பணம் கொட்ட வேண்டாம். கீழே முன்னால் உட்கார்ந்தால் தையல் தெரியும், பனித்துளிகள் வரையும் கோலம் தெரியாது. முதல் மாடியின் முன்வரிசை சிறந்தது. இடைவேளையோடு இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைக் கூட்டிப்போவதாக இருந்தால் பகல் காட்சியை எடுங்கள், அந்த அரங்கின் வயது விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.